கடல் பனித்துளியா, மலைக் கிரீடமா?

ரோஸ்மேரின்னு சொன்னா நம்மில் பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது செடி இல்லை, டீச்சர். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ஒரு ரோஸ்மேரி டீச்சராவது வாய்த்திருப்பார். ரோஜாப் பூவையும் மேரியையும் சேர்த்து வைத்த பேர் மாதிரி இருக்கும். ஆனால் செடியின் பேருக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தமில்லை, மேரிக்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'ரோஸ்' என்றால் பனி, 'மரீனஸ்' என்றால் கடலைச் சேர்ந்தது. கடல் பனித்துளி! எவ்வளவு அழகான பேர். அது ஆங்கிலேயர் வாயில் புரண்டு புரண்டு ரோஸ்மேரி ஆகிவிட்டது.

இதே செடிக்கு அரபியில் ஒரு பேர் உண்டு. 'இக்லீல் அல்-ஜபல்'. இக்லீல் என்றால் கிரீடம், ஜபல் என்றால் மலை. மலையின் கிரீடம். துபாய், ஷார்ஜா மளிகைக் கடைகளில் காய்ந்த இலைப் பாக்கெட் மேல இந்தப் பேரைப் பார்க்கலாம்.

ஒரே செடி. ஒருத்தர் கடல் என்கிறார், இன்னொருத்தர் மலை என்கிறார். யார் சொல்வது சரி?

இதை ஏன் இப்போ தோண்டுறேன்னா, அதிராம்பட்டினத்தில் எங்க தெருவிலேயே நாலஞ்சு வீட்டு மாடியில் ரோஸ்மேரித் தொட்டி வந்தாச்சு. எல்லாம் முடி வளரத்தான் (அதுக்கு அப்புறம் வர்றேன், எனக்கும் அதில் சொந்த அக்கறை உண்டு). சித்திரையில் வாங்கி வைத்த செடி ஐப்பசி வரைக்கும் ஜம்முனு நிக்குது. கார்த்திகையில் கருத்துப் போகுது. "கடலோரச் செடின்னுதானே சொன்னாங்க, நம்ம ஊரைவிடக் கடலோரம் எங்க இருக்கு?" என்று எங்க உம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் தேடப் போனால் அது ரெண்டாயிரம் வருஷத்துக் கதையாக நீண்டது.

ரோஸ்மேரியின் சொந்த ஊர் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், மொராக்கோ. கடலை ஒட்டிய பாறைச் சரிவுகளில் தானாகவே புதராக வளரும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயாஸ்கொரிடீஸ் என்ற கிரேக்க வைத்தியர் தன் மூலிகை நூலில் இதைக் குறிக்கிறார். கிரேக்கர்கள் வைத்திருந்த பேர் 'லிபனோட்டிஸ்'. லிபனோஸ் என்றால் குந்திரிக்கம். ஓமான் பக்கத்து மரத்துப் பிசினின் மணம் இந்த இலையில் அடிக்குதாம். ஆக கடல், மலை ரெண்டும் போக, குந்திரிக்கம் என்று மூணாவது பேரும் ஆச்சு.

கி.பி. 800 வாக்கில் ஐரோப்பாவில் சார்லமேன் பேரரசனின் பண்ணைகளுக்கு ஓர் ஆணை போனது. எந்தெந்தச் செடி கட்டாயம் வளர்க்கணும் என்று நீளமான பட்டியல். அதில் ரோஸ்மேரியும் உண்டு. அப்புறம் மடாலயத் தோட்டங்கள், மருந்துக் கடைகள், சமையல்கட்டு என்று எல்லா இடத்திலும் புகுந்தது. கல்யாணத்துக்கும் வைத்தார்கள், சாவுக்கும் வைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியா இதை நினைவின் அடையாளமாகக் கொடுப்பாள். இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25 அன்று, 1915-ல் கல்லிப்போலிச் சண்டையில் தொடங்கி போர்களில் இறந்தவர்களை நினைத்துச் சட்டையில் ஒரு கொத்து குத்திக்கொள்கிறார்கள். கல்லிப்போலியில் இந்தச் செடி காட்டுச்செடியாகவே இருக்கிறது.

1753-ல் லின்னேயஸ் இதற்கு ரோஸ்மரீனஸ் அஃபிசினாலிஸ் என்று அறிவியல் பேர் வைத்தார். ரெண்டாவது பாதிக்கு 'மருந்துக் கடைச் சரக்கு' என்று அர்த்தம். 2017-ல் அதுவும் மாறியது. மரபணுவைப் பார்த்துவிட்டு, இது தனிச் சாதி இல்லை, சால்வியா குடும்பத்துப் பிள்ளைதான் என்று சொல்லி சால்வியா ரோஸ்மரீனஸ் ஆக்கிவிட்டார்கள். பழைய பேரில் தேடினாலும் செடி கிடைக்கும், பயப்பட வேண்டாம் :-)

இப்போ நம்ம கரைக்கு வருவோம். மத்தியதரைக் கடலுக்கும் சோழமண்டலக் கரைக்கும் ரெண்டாயிரம் வருஷமாகப் போக்குவரத்து உண்டு. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஒயின் ஜாடித் துண்டுகள் வந்தன. 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற முதல் நூற்றாண்டுக் கையேட்டில் எந்தத் துறைமுகத்துக்கு என்ன சரக்கு போகும் என்று கிட்டத்தட்ட எக்ஸல் ஷீட் மாதிரி எழுதி வைத்திருக்கிறார் ஒரு கிரேக்க வியாபாரி. ஒயின் இருக்கு, பவளம் இருக்கு, கண்ணாடி இருக்கு, செம்பு இருக்கு. ரோஸ்மேரி இல்லை. அதற்கப்புறம் பல நூறு வருஷம் அரபு வியாபாரிகள் வந்து போனார்கள். சாம்பிராணி வந்தது, பன்னீர் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, அத்தர் வந்தது. மலைக் கிரீடம் வரவில்லை. தமிழில் இந்தச் செடிக்குப் பழைய பேரே கிடையாது என்பதே அதற்குச் சாட்சி. ஒரு பொருள் பழகிவிட்டால் தமிழன் சும்மா விடமாட்டான், ஒரு பேராவது வைத்துவிடுவான். மிளகாய் நமக்கு வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. மிளகிலிருந்து பேர் எடுத்துக் கொடுத்தாச்சே!

ஏன் வரவில்லை? இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீங்க. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பேர் மரு.

தஞ்சாவூர்க் கதம்பம் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பூக்களுக்கு நடுவே பச்சையாக ஒரு கொழுந்து வைத்துக் கட்டுவார்கள். மரு, மரிக்கொழுந்து, தவனம் என்று கடைக்குக் கடை பேர் மாறும், சில இடங்களில் செடியும் மாறும். இதில் மரு என்பது ஆரிகனம் மேஜரானா. அதன் சொந்த ஊர் எது தெரியுமா? சைப்ரஸும் தெற்குத் துருக்கியும். அதாவது ரோஸ்மேரியின் பக்கத்து வீடு! ரெண்டும் துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இருக்கும் அதே பெரிய குடும்பம் வேறு. ஒரு சொந்தக்காரி என்றைக்கோ வந்து, பேர் வாங்கி, பூச்சரத்தில் ஏறி, நம்ம ஊர்ப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். இன்னொருத்தி ரெண்டாயிரம் வருஷம் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

மரு மென்மையான செடி, சீக்கிரம் வளரும், ஒவ்வொரு பருவத்துக்கும் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம். ரோஸ்மேரி கட்டைச்செடி. விதை முளைக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவும் பாதி முளைக்காது. மாசக்கணக்கில் கடலில் வரும் பாய்மரக் கப்பலில் அதை யார் பத்திரமாகக் கொண்டு வருவது, எதுக்காக?

ஆனா ஒண்ணு. செடிக்கு முன்னாடியே அதன் மணம் நம் வீட்டுக்குள் வந்திருச்சு. பீரோவில் புடவைக்கு நடுவே, விசேஷ நாளில் மட்டும் திறக்கிற குட்டி பாட்டில். ஓடிகோலன்! காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதேதான். 1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா என்ற இத்தாலியர் தொடங்கிய வாசனைத் தண்ணி அது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்களோடு லாவெண்டரும் ரோஸ்மேரியும் சேர்ப்பது அந்தப் பழைய வகைத் தயாரிப்பின் வழக்கம். சபுராளி வீடுகள் நிறைந்த எங்க ஊரில் அந்த பாட்டில் இல்லாத வீடு குறைவு. (சபுர் என்றால் வெளிநாட்டுப் பயணம். வெளியூர்க்காரர்கள் குறித்துக்கொள்க.) அதை நெற்றியில் போட்டுக்கொண்ட யாருக்கும் ரோஸ்மேரியின் மணம் புதுசு இல்லை, பேர்தான் புதுசு.

செடியாக வந்து வேர் பிடித்தது எங்கே? நீலகிரியில். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிப் போனார். குளிர் பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டினார், தோட்டம் போட்டார். 1848-ல் மெக்கைவர் என்ற தோட்டக்காரர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்தார். கேரட், உருளைக்கிழங்கு, யூகலிப்டஸ், சின்கோனா என்று ஐரோப்பியர்கள் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் அந்த மலையில் நட்டுப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்த சீமைச் செடிகளில் ரோஸ்மேரிக்கும் இன்றைக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி ஆராய்ச்சி நிலையம் 'ஊட்டி 1' என்றே ஒரு ரோஸ்மேரி ரகம் வெளியிட்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம்தான் இந்தப் பயிருக்கு என்று அவர்களுடைய சாகுபடிக் குறிப்பு சொல்கிறது. அதிராம்பட்டினம் எத்தனை மீட்டர்? மாடியில் ஏறி நின்றால் ஒரு பத்து வரும் :-)

ஆக, தமிழ்நாட்டில் அரபிக்காரர் வைத்த பேர்தான் ஜெயித்தது. கடல் பனித்துளி நம்ம ஊரில் மலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன்? இங்கேதான் எனக்குள் இருக்கிற டீபக்கர் முழித்துக்கொண்டான். வேலை செய்யாத ப்ரோக்ராமில் சந்தேகப்படும் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்போமே, அப்படிப் பார்க்கலாம்.

முதல் சந்தேகம், மழை வரும் காலம். மத்தியதரைக் கடல் பக்கம் கோடை காயும், மழை குளிர்காலத்தில் பெய்யும். நம்ம ஊர்? கோடை காயும், வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும். அட, காலண்டர் கிட்டத்தட்ட ஒத்துப்போகுதே! இந்தியாவின் பெரும்பகுதியில் ஜூனில் மழை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம்ம கரைதான், காலண்டர்படி பார்த்தால், ரோஸ்மேரிக்குத் தோதான கரை. எனவே இது இல்லை.

ரெண்டாவது சந்தேகம், மழையின் அளவு. ஸ்பெயினின் மலாகாவில் வருஷத்துக்குச் சுமார் 500 மி.மீ. நமக்கு அதைப் போல ரெண்டு மடங்கு இருக்கும். இதுதான் காரணம் என்று முடித்துவிடலாம் போலத் தோணும். ஆனால் ஊட்டியிலும் கிட்டத்தட்ட நம்ம அளவு மழைதான் பெய்கிறது. அங்கே செடி சாகவில்லை. எனவே இதுவும் இல்லை.

மூணாவது, வெக்கை. மலாகாவில் ஜனவரி ராத்திரி 7, 8 டிகிரிக்கு இறங்கும். நம்ம ஊரில் கார்த்திகையிலும் ராத்திரி 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டியும் குளிர். இங்கே ஒரு வித்தியாசம் மாட்டுகிறது.

நாலாவது, தண்ணி பெய்த பிறகு எங்கே போகிறது? மலாகாவில் பாறைச் சரிவு, ஊட்டியில் மலைச் சரிவு. பெய்த தண்ணி நிற்காமல் ஓடிவிடும். நம்ம டெல்டா? டெல்டாவின் மொத்தத் திறமையே தண்ணியை நிறுத்துவதுதான். கல்லணை கட்டி, வாய்க்கால் வெட்டி, வரப்பு வைத்து, சேறடித்துத் தண்ணி கட்டி நிறுத்தினால்தான் நெல். நெல்லுக்கு அது சரிப்படும். ஏனென்றால் நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் உண்டு, மேலே இருந்து வேருக்குக் காற்று இறங்கும். ரோஸ்மேரிக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேர் மண்ணின் இடுக்கில் இருக்கும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணி நிறைந்தால் மூச்சு முட்டும். அதோடு ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ஃபைட்டோஃப்தோரா மாதிரி அழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதுதான் கார்த்திகைக் கருப்பு.

நம்ம ஊர்க் கடலோரச் செடியைப் பாருங்க. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல் நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது என்ன? மூச்சு வேர். சேற்றில் காற்று இல்லை என்று வேரையே வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. கடல் என்ற பேர் ஒண்ணுதான், ஆனா அந்தக் கடற்கரை பாறை, இந்தக் கடற்கரை சேறு. உம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். ரோஸ்மேரிக்குக் கடலும் முக்கியமில்லை, மலையும் முக்கியமில்லை. வேருக்குக் காற்று வேணும். சரிவில் அது தானாகக் கிடைக்குது, சமதரையில் நாம்தான் கொடுக்கணும்.

எப்படிக் கொடுப்பது? தொட்டியை ஒரு குட்டி மலைன்னு நினைச்சுக்குங்க. எங்க மாடியில் ரெண்டாவது கார்த்திகையைத் தாண்டி நிற்கும் செடிக்கு நடப்பதைச் சொல்கிறேன்.

மண் தொட்டி, பத்துப் பன்னிரண்டு அங்குலம், அடியில் நல்ல ஓட்டை. பிளாஸ்டிக் வேண்டாம், மண் தொட்டியின் பக்கச் சுவரும் ஈரத்தை இழுத்துவிடும். ரெண்டு செங்கல் வைத்து அதன் மேல் தூக்கி வைக்கணும். மண் கலவையில் பாதிக்குப் பாதி கொரகொரப்பான மணலும் பொடி செங்கல் ஜல்லியும், மீதி செம்மண், ஒரு கை மக்கின தொழு உரம். அதுக்கு மேல உரம் வேண்டாம், ஏழை மண்ணில்தான் இலையில் மணம் கூடும். நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்க் கழிவில்தான் இருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தென்னைக்குப் பேர் போன பட்டுக்கோட்டைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் நாரைக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனால் மாற்றி நடும்போது வேர் அறாமல் முடிந்தவரை உதறிவிடுங்கள்.

தண்ணி: விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். டெல்டாக்காரர் கைக்கு தினமும் தண்ணி ஊற்றாமல் இருப்பு கொள்ளாது, அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போடணும். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, அடியில் வெள்ளையாக ரோமம் இருக்கும். அதன் மூச்சுத் துளைகள் அந்த ரோமத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. தண்ணியைச் சிக்கனமாகச் செலவழிக்கவே பிறந்த இலை அது. கடலோரத்து உப்புக்கரிப்பு போர் தண்ணியாக இருந்தால் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். பிடித்து வைத்த மழைத் தண்ணியால் எப்போதாவது நன்றாக அலசி வடிய விடுங்கள்.

வெயில்: காலை வெயில் முழுக்க வேணும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் நிழல். ஐப்பசி பிறந்ததும் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரணும், காற்று ஓடணும், மழை நேரே படக்கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் என்ன செய்ததென்று எங்க பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாசத்தில் மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி எதுவுமே இருக்கக் கூடாது.

பதியன் போட தை மாசம் நல்லது. நாலைந்து அங்குலத்துக்கு இளங்கொம்பு, கீழ்ப் பாதி இலையை உருவிவிட்டு ஈர மணலில் குத்தி நிழலில் வையுங்கள். வேர் விட ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும். கத்தரிக்கும்போது பச்சைக் கொம்பில் மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது சந்தேகம்.

கடைசியாக, முடி. இருபதுகளின் கடைசியில் இருக்கும் சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது வரலாறு இல்லை, நடப்பு அரசியல். இந்த மோகத்துக்குப் பின்னால் 2015-ல் இரானில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. முடி கொட்டும் 100 பேர், பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். ஆறு மாசத்தில் ரெண்டு பக்கமும் கொஞ்சம் முடி கூடியது, பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் எதுவுமே தடவாமல் ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. சோதித்ததும் எண்ணெய்ச் சத்தைத்தான், நாம் வீட்டில் கொதிக்க வைக்கும் இலைத் தண்ணியை இல்லை. "அதுக்கு நம்ம கருவேப்பிலை எண்ணெயே தேவலாம்" என்பது உம்மாவின் தீர்ப்பு. எனக்குத் தெரிந்து அதற்கும் ஆய்வு பெரிசா இல்லை, அதை வீட்டில் சொல்லும் தைரியமும் இல்லை.

இலை வீணாகாது. ஆட்டுக்கறி வறுக்கும்போது ஒரு கொத்து போட்டுப் பாருங்கள். கறியின் கொழுப்பு கெட்டுப்போகாமல் தடுக்கும் சத்து இதில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2010 முதல் ஈ392 என்ற எண்ணோடு உணவுப் பண்டங்களில் சேர்க்கவே அனுமதி உண்டு.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்கணும். எங்க ஊரில் ரோஸ்மேரிக்கு இன்னும் தமிழ்ப் பேர் வரவில்லை. கடைக்காரர் ரோஸ்மேரி என்கிறார், சபுர் போய்வந்தவர்கள் இக்லீல் என்கிறார்கள், எதிர்வீட்டு லாத்தா 'முடிச்செடி' என்கிறார். இந்த மூணில் எது நிலைக்கும் என்று தெரியவில்லை. மருவுக்குக் கிடைத்த மாதிரி இரண்டெழுத்தில் ஒரு பேர் உங்க பக்கம் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.